ஈக்களை இனங்காணக் கற்றுக்கொள்வது எப்படி? நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து பழக ஒரு முழுமையான வழிகாட்டி

பூவின் மேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. படம் எடுத்து, ‘தேனீ’ என்று எழுதி, பூச்சி ஆர்வலர்களான நண்பர்களுக்கு அனுப்பினேன். பதிலாக வந்தது ஒரே ஒரு கேள்விதான்: “இறக்கை எத்தனை இருக்கு, எண்ணிப் பாருங்க.” படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். இரண்டு. தேனீக்கு நான்கு இருக்க வேண்டும். அப்படியானால் அது தேனீயே இல்லை, தேனீ வேடம் போட்ட ஈ.

கேட்டவர் நினைத்திருந்தால் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வாரமே அது எனக்கு மறந்திருக்கும். அவர் என்னை எண்ண வைத்ததால், அதற்குப் பிறகு எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் கண் முதலில் இறக்கைக்குத்தான் போகிறது. ஈக்களை இனங்காணும் கலை முழுவதும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பெயரைவிட, அந்தப் பெயருக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்ற காரணம் முக்கியம். கீழே சொல்லும் படிகளைத் தனியாகவும் பழகலாம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து, காரணம் கேட்டுக் காரணம் சொல்லிப் பழகினால் இன்னும் வேகமாக வரும்.

முதல் படி: அது ஈதானா?

உயிரியலில் ஈ என்பது வீட்டு ஈ மட்டுமல்ல. கொசு, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி அந்துப்பூச்சி போன்ற பூச்சி, பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு ஈ, மாட்டைக் கடிக்கும் பெரிய ஈ எல்லாமே டிப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ‘இரண்டு இறக்கை’ என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

பெரும்பாலான பூச்சிகளுக்கு இரண்டு இணை இறக்கைகள் உண்டு. ஈக்களில் பின் இணை சுருங்கி, குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு குமிழ்களாகிவிட்டது. அவற்றுக்கு ஹால்டியர் என்று பெயர். பறக்கும்போது அவை இறக்கைக்கு எதிர்த்திசையில் வேகமாக அசைந்து, உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்பதை ஈக்கு உணர்த்துகின்றன. ஈ காற்றில் அத்தனை லாவகமாகத் திரும்புவதற்கு அவையும் ஒரு காரணம். நீண்ட கால்களை உடைய டிபுலிடே குடும்பத்து ஈக்களில் இந்தக் குமிழ்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். முதல் முறை பார்ப்பதற்கு அவற்றைத்தான் தேடச் சொல்வேன்.

குளவி, தேனீ விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றின் முன் இறக்கையும் பின் இறக்கையும் சிறு கொக்கிகளால் பிணைந்திருப்பதால், படத்தில் ஒரே இறக்கைபோலத் தெரியும். இறக்கை தெளிவாக இல்லாதபோது முகத்தைப் பாருங்கள். தேனீ, குளவிக்கு உணர்கொம்புகள் நீளமாக, பெரும்பாலும் முழங்கைபோல மடங்கி இருக்கும். தேனீபோல வேடமிடும் ஈக்களுக்குப் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். கண்கள் தலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தால் ஈ என்ற பக்கம் சாயலாம். ஈ அல்லாத இரண்டு இறக்கைப் பூச்சிகளும் உண்டு. செடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளின் ஆண்களும், நீரோரத்தில் பறக்கும் மேஃபிளை என்ற பூச்சிகளில் சிலவும் அப்படி. வால்போல நீண்ட இழைகள் பின்னால் தெரிந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இரண்டாம் படி: குடும்பத்தில் நிற்கப் பழகுங்கள்

இதுவரை பெயரிடப்பட்ட ஈ இனங்கள் 1,50,000-க்கு மேல். குடும்பங்களோ 150-க்குச் சற்று மேல்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுத்தவுடன் இனத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அது இயல்பான ஆசை. ஆனால் ஈக்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நிறைவேறாது. பல இனங்களைப் பிரிக்க ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

குடும்பம், அதாவது உறவுள்ள பல இனங்கள் சேர்ந்த தொகுப்பு, அப்படியல்ல. நல்ல படம் இருந்தால் பல ஈக்களைக் குடும்பம் வரை கொண்டு வந்துவிடலாம். குடும்பம் தெரிந்தாலே அந்த ஈயின் வாழ்க்கை பற்றி நிறையச் சொல்ல முடிகிறது. டக்கினிடே என்றால் அதன் புழு வேறொரு பூச்சியின் உடலுக்குள் வளர்ந்திருக்கும். அசிலிடே என்றால் அது மற்றப் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் வேட்டைக்காரன். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு இலக்கைக் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி கண்ணில் படுகிற இருபது குடும்பங்கள் மனதில் படிந்துவிட்டால், நீங்கள் பார்க்கும் ஈக்களில் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: எந்தப் படம் உதவும்?

அழகான படமும் பயனுள்ள படமும் வேறு வேறு. பின்னணி மங்கி, கண் மட்டும் மின்னும் படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாமல் போகலாம். ஒரு ஈக்கு நான்கு படங்கள் வேண்டும்.

மேலிருந்து ஒன்று: மார்பின் கோடுகளும், வயிற்றின் அமைப்பும், இறக்கையை எப்படி மடித்திருக்கிறது என்பதும் தெரியும். பக்கவாட்டில் ஒன்று: கால்களும் மார்பின் பக்க முடிகளும். முகத்துக்கு நேராக ஒன்று: உணர்கொம்பு, வாய், கண்களின் இடைவெளி. நான்காவது இறக்கைக்கு மட்டும். இந்த நான்கில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நான் இறக்கையைத்தான் எடுப்பேன். நரம்புகள் தெளிவாக விழ, இறக்கையின் தளமும் கேமராவின் முகமும் இணையாக இருக்க வேண்டும். பின்னணியில் வெளிர்நிற இலையோ சுவரோ இருந்தால் நரம்பு கோடுபோட்டதுபோல வரும்.

பெரிய கேமரா கட்டாயமில்லை. கைபேசியில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸே குடும்பம் வரை கொண்டுபோகும். நேரம்தான் முக்கியம். வெயில் ஏறாத காலையில் ஈக்கள் மந்தமாக இருக்கும், நெருங்க விடும். உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாக, தாழ்வாக, மெதுவாக நகருங்கள். தூரத்திலேயே முதல் படத்தை எடுத்துவிட்டு, ஓரடி நகர்ந்து அடுத்ததை எடுங்கள். கடைசியில் பறந்துபோனாலும் கையில் ஏதாவது மிஞ்சும். பறந்த ஈ அதே இலைக்குத் திரும்பி வருவதும் உண்டு. நகராமல் ஒரு நிமிடம் காத்திருங்கள்.

படத்தோடு மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள்: தேதி, இடம், ஏறக்குறைய எவ்வளவு நீளம். நீளத்தைப் படத்தில் இருந்து பிற்பாடு கணிக்கவே முடியாது. 3 மில்லிமீட்டர் ஈயும் 12 மில்லிமீட்டர் ஈயும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும். எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. சாணத்தின் மேல் இறக்கையை ஆட்டிக்கொண்டு நடந்தது என்ற ஒரு வரியே செப்ஸிடே என்ற பக்கம் கைகாட்டிவிடும்.

நான்காம் படி: உணர்கொம்பு

சரி, இப்போது ஈயின் முகத்துக்கு வருவோம். உணர்கொம்பைப் பார்த்தாலே ஈக்களை இரண்டு பெரிய கும்பலாகப் பிரித்துவிடலாம்.

மணி கோத்ததுபோலப் பல கணுக்களோடு நீளமாக இருந்தால், அது கொசு வகையறா. உடலும் காலும் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும். கொசு, டிபுலிடே, கொசுபோலவே இருந்தும் கடிக்காத கைரோனோமிடே, முன்பு சொன்ன குளியலறைப் பூச்சியின் குடும்பமான சைக்கோடிடே எல்லாம் இதில் வரும். இது ஒரே மூதாதையின் வழியில் வந்த கூட்டம் அல்ல என்று இப்போது வகைப்பாட்டியலாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் கண்ணால் பிரிப்பதற்கு இந்தப் பழைய பிரிவு இன்றும் கைகொடுக்கிறது.

குட்டையாக, மூன்று கணு மட்டும் தெளிவாகத் தெரிந்தால், அது பிராக்கிசெரா. வீட்டு ஈ, மாட்டைக் கடிக்கும் ஈ, அந்தரத்தில் நின்று பறக்கும் மிதவை ஈ எல்லாம் இந்தப் பக்கம். இதிலும் பலவற்றுக்கு மூன்றாம் கணுவில் இருந்து ஒற்றை முடி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அரிஸ்டா என்று பெயர். அந்த முடி வழவழப்பாக இருக்கிறதா, இறகுபோலக் கிளைத்திருக்கிறதா, கிளைத்திருந்தால் நுனிவரை கிளைத்திருக்கிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அற்பமான விஷயம்போலத் தோன்றும். குடும்பத்தையே மாற்றிவிடும் விஷயம் அது.

முகத்தில் இருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். உணர்கொம்புக்கு மேலே, கவிழ்த்த ‘ப’ போல ஒரு மெல்லிய வெடிப்புக் கோடு பல ஈக்களுக்கு உண்டு. கூட்டுக்குள்ளிருந்து வெளிவரும்போது ஈயின் நெற்றியில் இருந்து ஒரு பை ஊதிப் புடைத்து, கூட்டின் மூடியை உடைத்துத் திறக்கும். வேலை முடிந்ததும் பை உள்ளே சுருங்கிவிடும். அதன் தழும்புதான் அந்தக் கோடு. நான் ஈக்களைப் பார்க்கத் தொடங்கியபின் என்னை அதிகம் நெகிழவைத்த அடையாளம் இதுதான். ஒவ்வொரு வீட்டு ஈயும் தன் பிறப்பின் தழும்பை முகத்தில் சுமந்துகொண்டே பறக்கிறது.

ஐந்தாம் படி: இறக்கையின் நரம்புகள்

பலர் இங்கே வந்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம். முதலில் எல்லா நரம்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு தாளை எடுத்து, நல்ல இறக்கைப் படம் ஒன்றைப் பார்த்துக் கையால் வரையுங்கள். முன் விளிம்பில் ஓடும் தடித்த நரம்பு காஸ்டா. அதை ஒட்டி உள்ளே ஓடுவது சப்காஸ்டா. அடுத்து ரேடியஸ், அது பல கிளைகளாகப் பிரியும். அதற்கும் பின்னால் மீடியா. அப்புறம் கியூபிட்டஸ், ஏனல். நீள நரம்புகளை இணைக்கும் சிறு பாலங்கள் குறுக்கு நரம்புகள். நரம்புகளுக்கு நடுவே அடைபட்ட இடம் அறை. 1898-இல் காம்ஸ்டாக், நீடம் என்ற இருவர் எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவாக இந்தப் பெயர் முறையை வகுத்துத் தந்தார்கள். அதன் திருத்திய வடிவங்கள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய நூல்களில் நரம்புக்கு எண் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், முறைதான் வேறு.

வரைந்ததும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். மீடியா நரம்பு நுனிக்கு அருகே சட்டென்று மேல்நோக்கி மடங்குகிறதா, நேராகப் போகிறதா? வீட்டு ஈயில் கூர்மையாக மடங்கும். ஃபான்னியா என்ற பேரினத்தில் (குடும்பத்துக்கும் இனத்துக்கும் இடைப்பட்ட தொகுப்பு அது) மடங்காது. வீட்டுக்குள், கூடத்தின் நடுவில், விளக்குக்கு அடியில், திரும்பத் திரும்ப வட்டமடிக்கும் சிறு ஈக்கள் பெரும்பாலும் ஃபான்னியாவின் ஆண்கள்தான்.

எந்த நரம்போடும் சேராமல், நடு இறக்கையில் தனியாக ஒரு பொய் நரம்பு ஓடுகிறதா? ஓடினால் சிர்ஃபிடே, அதாவது மிதவை ஈ. அந்தரத்தில் ஆணி அடித்ததுபோல நின்று பறப்பவை இவை. தொடக்கத்தில் நான் ‘தேனீ’ என்று எழுதியதும் இந்தக் குடும்பம்தான். பிற்பாடு அதே படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தப் பொய் நரம்பு பென்சிலால் லேசாகக் கிழித்த கோடுபோல அங்கேயே இருந்தது. இறக்கையின் பின் விளிம்புக்கு இணையாக நரம்புகள் வளைந்து ஓடி, விளிம்புக்கு உள்ளேயே இன்னொரு விளிம்பு இருப்பதுபோலத் தெரிவதும் இந்தக் குடும்பத்தின் அடையாளம்.

சப்காஸ்டா விளிம்பை நோக்கிக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திரும்புகிறதா? டெஃப்ரிடிடேயாக இருக்கலாம். பழத்தைத் துளைத்து முட்டையிடும் பழ ஈக்கள் இந்தக் குடும்பம். பலவற்றின் இறக்கையில் அழகான கோலங்கள் இருக்கும். அழுகும் பழத்தைச் சுற்றும் குட்டி ஈக்களையும் பழ ஈ என்றே சொல்கிறோம். அவை வேறு குடும்பம், ட்ரோசோஃபிலிடே. பொதுப் பெயர் இப்படித்தான் ஏமாற்றும். குழுவில் பேசும்போது குடும்பப் பெயரையே சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

ரேடியஸின் கடைசிக் கிளை கவட்டைபோலப் பிரிந்து, இறக்கையின் நுனியை இரு பக்கமும் அணைத்து நிற்கிறதா? உடலும் திரண்டு, மூன்றாம் உணர்கொம்புக் கணு நீண்டிருந்தால் டபானிடே. கால்நடைகளைக் கடிக்கும் பெரிய ஈக்கள் இவை. கடிப்பது பெண் மட்டும்தான். பல இனங்களின் கண்ணில் பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள் மின்னும். ஈ இறந்தபின் அந்த நிறம் மங்கிவிடும் என்பதால், உயிருள்ள ஈயின் கண் படம் ஆய்வாளருக்கும் அருமையானது.

நரம்புகள் எல்லாம் முன் விளிம்பை நோக்கி நெருங்கி, நடுவில் சின்னதாக ஓர் அறை மட்டும் இருக்கிறதா? ஸ்ட்ராடியோமையிடே. உட்காரும்போது இறக்கைகளை முதுகின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொள்ளும். மக்கும் கழிவைத் தின்னும் புழுக்களுக்காக வளர்க்கப்படும் கறுப்பு ஈ, ஹெர்மேஷியா இல்லூசென்ஸ், இந்தக் குடும்பம்தான். அதன் வயிற்றின் தொடக்கத்தில் கண்ணாடி பதித்ததுபோல இரண்டு ஒளிபுகும் ஜன்னல்கள் இருக்கும்.

இந்த ஐந்து கேள்விகளை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை தேவைப்படும்போது தானாகச் சேரும்.

ஆறாம் படி: முடிகள்

ஈயின் உடலில் தடித்த முடிகள் கண்டபடி முளைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் இடமும் பெயரும் உண்டு. கார்ல் ராபர்ட் ஓஸ்டன்-சாக்கன் என்பவர் இந்த முடி அமைப்பைப் படிக்கும் முறைக்குக் கீடோடாக்ஸி என்று பெயர் சூட்டினார். தொழிலால் அவர் ரஷ்யத் தூதரக அதிகாரி. அவருக்கும் முன்னால் ஈக்களின் வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்ட யோஹான் வில்ஹெல்ம் மைகன் (1764–1845) பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஓர் ஆசிரியர். ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்க்கப்படும் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டருக்கு 1830-இல் பெயர் வைத்தவர் அவர்தான். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஈக்களைப் பார்க்கிறோமே என்று தயங்குகிறவர்களுக்கு இவர்கள் இருவரையும் நான் எப்போதும் நினைவூட்டுவேன்.

தொடக்கத்தில் முடிகளில் ஒன்றே ஒன்று போதும். உடல் முழுக்க, முக்கியமாக வயிற்றின் நுனியில், முள்முள்ளாக முடி அடர்ந்திருந்தால் டக்கினிடே என்று சந்தேகப்படுங்கள். உறுதிசெய்ய, மார்பின் கடைசியில் இருக்கும் முக்கோணத் தகட்டுக்குக் கீழே, பக்கவாட்டில் பாருங்கள். அங்கே இன்னொரு புடைப்பு தெளிவாகத் துருத்திக்கொண்டிருந்தால் டக்கினிடேதான்.

ஒரு சாம்பல்நிற ஈயை நெருங்கிப் பார்ப்போம்

சுவரில் ஒரு சாம்பல்நிற ஈ. குழுவில் அதிகமாக வரும் படம் இதுதான், அதிகமாகத் தவறுவதும் இதில்தான். படிப்படியாகப் போவோம்.

உணர்கொம்பு குட்டை, அரிஸ்டா இருக்கிறது. இறக்கையின் அடியில் வெள்ளை நிறத்தில் சிறு மடல் ஒன்று ஹால்டியரை மூடிக்கொண்டிருக்கிறது. ஆகவே வீட்டு ஈயும் அதன் உறவுகளும் இருக்கும் கூட்டம். மீடியா நரம்பு கூர்மையாக மடங்குகிறது. ஃபான்னியா இல்லை.

இப்போது மார்பில் கறுப்புக் கோடுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் வீட்டு ஈ, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் மஸ்கா டொமெஸ்டிகா என்று பெயரிட்டதாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கலாம். நமது ஈயில் மூன்றுதான் இருக்கின்றன. வயிற்றில் சதுரங்கப் பலகைபோலச் சாம்பலும் கறுப்புமாகக் கட்டங்கள், ஒளி விழும் பக்கம் மாறினால் கட்டமும் இடம் மாறுகிறது. கண்கள் செங்கல் சிவப்பு. அரிஸ்டா பாதிவரை மட்டும் இறகுபோல இருந்து, நுனி வெறுமையாக இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: சார்கோஃபேஜிடே. முட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் புழுவையே ஈனும் ஈக்கள் இவை.

இதோடு நில்லுங்கள். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து சார்கோஃபேஜிடேயில் இனம் சொல்ல முயல்வது வீண். எத்தனையோ இனங்கள் இதே மூன்று கோட்டோடு, இதே கட்டத்தோடு, இதே சிவப்புக் கண்ணோடு இருக்கின்றன.

நான்கு கோடு இருந்து, வாய் ஊசிபோல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது கதையே வேறு. அது ஸ்டோமாக்ஸிஸ், இரத்தம் குடிக்கும் ஈ. வீட்டு ஈயே கடித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். உலோகப் பச்சையாகவோ நீலமாகவோ மின்னும் பருத்த ஈ என்றால் கலிஃபோரிடேயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே பச்சை மின்னி, உடல் மெலிந்து, கால் நீண்டு, இலைமேல் விறுவிறுவென்று ஓடினால் டோலிகோபோடிடே. நிறம் ஒன்றேதான். ஆனால் கால் நீளத்தைப் பார்த்தால் ஒருபோதும் குழம்பாது.

கொசுவா, இல்லையா?

இதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். கொசுபோலத் தெரிவதெல்லாம் கொசு இல்லை. நீண்ட ஊசிபோன்ற வாயும், இறக்கை நரம்புகளின்மேல் செதில்களும் இருந்தால்தான் கொசு. உட்காரும்போது கொசு பெரும்பாலும் பின்காலை உயர்த்தும். கைரோனோமிடே முன்காலை உயர்த்தும், அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. அதன் ஆணின் உணர்கொம்பு சாமரம்போல அடர்ந்திருக்கும். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்துச் சுவரில் தொங்குவது டிபுலிடே. மார்பின்மேல் ஆங்கில ‘வி’ போன்ற பள்ளக் கோடு அதற்கு உண்டு. அது கடிக்காது, அடிக்காதீர்கள்.

கொசுவிலேயே படத்தை வைத்து இனம்வரை போக முடிகிற சில உண்டு. மார்பின்மேல் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் ஈடிஸ் ஈஜிப்டை. நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் நேராக ஓடினால் ஈடிஸ் ஆல்போபிக்டஸ். இரண்டுக்கும் காலில் வெள்ளை வளையங்கள் இருப்பதால், காலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

குழுவாகப் பழகும் முறை

படத்தைப் போட்டு ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘அசிலிடே என்று நினைக்கிறேன், இரண்டு கண்களுக்கும் நடுவே உச்சி குழிந்திருக்கிறது, முகத்தில் தாடிபோல முடி இருக்கிறது’ என்று எழுதினால், தவறு இருந்தாலும் எந்த இடத்தில் தவறினீர்கள் என்று மற்றவரால் சொல்ல முடியும். காரணமே இல்லாத ஊகத்தை யாராலும் திருத்த முடியாது, மறுக்க மட்டும்தான் முடியும்.

பதில் சொல்கிறவருக்கும் இதே கடமை உண்டு. பெயரோடு ஓர் அடையாளமாவது சொல்லுங்கள். முடிந்தால் படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள். இரண்டு பேர் வேறு வேறு குடும்பம் சொன்னால், வயதிலோ அனுபவத்திலோ மூத்தவர் பக்கம் உடனே சாய்ந்துவிட வேண்டாம். இருவரும் எந்த நரம்பை, எந்த முடியைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல கருத்து வேறுபாடு ஒன்று பத்துச் சரியான பதில்களைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். எங்கள் குழுவில் ஒரு மங்கலான படத்துக்காக மூன்று நாள் பேசியிருக்கிறோம். கடைசியில் ‘இந்தப் படத்தில் இதற்குமேல் சொல்ல முடியாது’ என்று முடித்தோம். அதுவும் ஒரு சரியான விடை என்பதை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இந்த வாக்கியத்தைத் தயங்காமல் எழுதுகிற குழுதான் நம்பத் தகுந்த குழு.

படத்தைப் பார்த்துத் தானாகப் பெயர் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் அவை தருவதை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலி இனத்தின் பெயரைத் தந்தால், அந்த இனத்தை உறுதிசெய்யும் அடையாளம் எது என்று தேடி, உங்கள் படத்தில் அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒரு படி மேலே, பேரினத்திலோ குடும்பத்திலோ நிறுத்துங்கள்.

வாரம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. அந்த வாரம் முழுவதும் ஆளுக்கு இரண்டு படம்: ஒன்று அந்தக் குடும்பம், இன்னொன்று அந்தக் குடும்பம்போலவே இருக்கும் வேறொன்று. ஏன் அது இல்லை என்று விளக்குவதுதான் பயிற்சி. சிர்ஃபிடே, டபானிடே, அசிலிடே, கலிஃபோரிடே என்று எளியவற்றில் தொடங்குங்கள். பாம்பைலியிடே அடுத்து வரட்டும், உடல் முழுக்கப் பஞ்சு முடியும், பலவற்றுக்கு நீண்ட உறிஞ்சுகுழலுமாக அதை அடையாளம் காண்பது இன்பம். முன்காலை உணர்கொம்புபோல ஆட்டி நடக்கும் மைக்ரோபெசிடேயும், காம்புகளின் நுனியில் கண்ணை வைத்திருக்கும் டயாப்சிடேயும் கிடைத்தால் கொண்டாடுங்கள். மில்லிமீட்டர் அளவுள்ள, நரம்பு குறைந்த ஈக்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழிந்ததும் அடையாளத் திறவுகோலைக் கையில் எடுக்கலாம். ‘இது இருக்கிறதா, அப்படியானால் இங்கே போ, இல்லையென்றால் அங்கே போ’ என்று இரண்டிரண்டு கேள்விகளாகப் போகும் பட்டியல் அது. எந்த நிலப்பகுதிக்காக எழுதப்பட்டது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு கண்டத்துக்கான திறவுகோல் நம் ஈயை எங்கோ கொண்டுபோய்விடும். முதலில் உங்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த ஈயை அதில் போட்டுப் பாருங்கள். சரியான இடத்தில் போய் நின்றால், கேள்விகளை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்கிறீர்கள் என்று பொருள். திறவுகோலில் பாதியில் சந்தேகம் வந்தால் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தவறான வழியில் சில கேள்விகளிலேயே ஈக்குப் பொருந்தாத ஏதாவது வந்துவிடும்.

எதற்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பக்கத்துக்கு ஒரு குடும்பம். இறக்கையின் கைப்படம், இரண்டு மூன்று அடையாளங்கள், எதனோடு குழம்பினேன் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பிற்பாடு அதிகம் புரட்டப்படும். ஆறு மாதம் கழித்து உங்கள் பழைய படங்களை எடுத்து, பெயரைப் பார்க்காமல் மறுபடியும் இனங்கண்டு பாருங்கள். மாறிய விடைகளை அழிக்காமல், பழையதன் பக்கத்திலேயே தேதியோடு புதியதை எழுதுங்கள். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘தேனீ’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் சிர்ஃபிடே என்றும், அதற்கும் பிறகு அதன் பேரினப் பெயரான எரிஸ்டாலினஸ் என்றும் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு என்னைக் கொண்டுசேர்த்த கண் புள்ளிகளை மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்.